இடது மூலை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: மடியில் பீன்ஸ் கூடையோடு அம்மா. கதவோரத்து நாற்காலியில், இன்ஹேலரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு அப்பா. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தோள் துண்டைக்கூட எடுக்காமல் மாடியேறி வந்திருந்த சலூன்காரர். டிவிக்கு நேரெதிரே, வேறு யாரும் உட்காரக் கூடாத முக்காலியில், ஜன்னல்களுக்குக் கண்ணாடி மாட்டுகிற கண்ணாடிக்காரர். ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த தையல் மிஷினில் அவர் மனைவி, அந்த வீட்டின் மூத்த பிள்ளை. வீட்டு ஆட்களில் இல்லாதது அவளுடைய தம்பி மட்டும்தான். அவன் டிவிக்குள் இருந்தான். மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

"தம்பிக்குக் காலு நிக்கல பாருங்க," என்றார் சலூன்காரர். அவர் வாய் ஓய்ந்த ஆட்டமே கிடையாது. தெருவில் அவருக்குக் கமெண்டரி என்றுதான் பெயர். "இன்னைக்கு இவனை இறக்கலன்னா அந்தக் கோச்சுக்கு நானே போய் மொட்டை அடிக்கிறேன்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணே. நீங்க எதைச் சொன்னாலும் அதுக்கு எதிராத்தான் நடக்குது," என்றார் கண்ணாடிக்காரர். அவருடைய வலது முட்டி ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஆடிக்கொண்டே இருந்தது. முக்காலியின் ஒரு கால் அதற்குத் தாளம் போட்டது.

வீடு மைதானத்துக்குப் பின்னால் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஆட்டம் தெரியாது. கேலரியின் சிமெண்ட் முதுகும் ஒரு விளக்குக் கம்பமும்தான் தெரியும். ஆனால் சத்தம் வரும். அதுவும் டிவியில் படம் வருவதற்கு முன்பே வந்துவிடும். படம் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வர வேண்டும். சத்தம் தெருவைத் தாண்டினால் போதும். டிவியில் நம் ஆள் நடு மைதானத்தில் பந்தை உருட்டிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகக் கோல் விழுந்துவிடும். இது என்ன கண்றாவி என்று கண்ணாடிக்காரர்தான் அந்த ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு, ஓரமெல்லாம் ரப்பர் பட்டை கொடுத்து இறுக்கினார். கொசுவின் ரீங்காரம்கூட உள்ளே வராது. காற்றும் வராது. ஆட்ட நாளில் ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம்.

அவர் அந்த வீட்டுக்குள் வந்ததே அந்த ஜன்னலால்தான். ஒன்பது வயதுத் தம்பி உதைத்த பந்து கண்ணாடியை உடைத்தது. புதுக் கண்ணாடி மாட்ட வந்தவர் கேலரியின் முதுகைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்லயா இருக்கீங்க? குடுத்து வெச்சவங்க," என்றார். கண்ணாடியை ஒட்டுகிற மக்கு பூசிய கையோடு அதே இடத்தில் நின்று ஒரு பாதி ஆட்டம் முழுவதையும் காதால் கேட்டார். பிறகு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்துகொண்டே இருந்தார். "என்னைப் பார்க்க வந்தாரா, ஜன்னலைப் பார்க்க வந்தாரான்னு இன்னும் எனக்குத் தெரியாது," என்று மூத்தவள் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

வானம் காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. மழை வரும் வரும் என்று போக்குக் காட்டியதே தவிர ஒரு சொட்டு விழவில்லை. சாத்திய அறைக்குள் மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பியது. மூத்தவள் பஸ் சீட்டுக்கு ரெக்ஸின் கவர் தைத்துக்கொண்டிருந்தாள். ரெக்ஸின் வெக்கையில் இளகி விரலில் ஒட்டியது. அதன் வாடை டீயில்கூட இருந்தது. அவள் தைப்பதற்கும் ஒரு சட்டம் உண்டு. பந்து நம் பக்கம் வந்தால் மிஷினை நிறுத்த வேண்டும். அன்று பந்து நம் பக்கத்தைவிட்டுப் போகவே இல்லை. ஒரு கவரைக்கூட அவளால் ஒழுங்காக முடிக்க முடியவில்லை.

டீம் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஜெயிக்கக்கூட வேண்டாம், ஒரு கோல் திருப்பிப் போட்டுச் சமன் செய்தால் இந்த டிவிஷனில் தங்கிவிடலாம். தோற்றால் கீழே இறங்க வேண்டியதுதான். கீழே இறங்கினால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். அனுப்பப்படுகிறவர்களில் முதல் ஆள் யார் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

தம்பிக்கு டைல்ஸ் குடோனில் வேலை. காலையில் பெட்டி தூக்குவான், சாயங்காலம் பந்தாடுவான். இடது காலைத் தவிர மற்றக் காலை நடப்பதற்கு மட்டுமே வைத்திருந்தான். அதனால் கேலரியில் அவனுக்கு 'ஒத்தக்கால்' என்று பெயர். ஜெயித்த நாளில் கூட்டம் இந்த ஜன்னலுக்குக் கீழே நின்று அந்தப் பெயரைப் பாட்டாகவே பாடும். அம்மா பக்கவாட்டில் ஒளிந்து நின்று பார்த்துவிட்டு, "என்னத்துக்கு இப்படிக் கத்துறானுங்க," என்று முகமெல்லாம் பல்லாகக் கேட்பாள்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்சநேரமே இருந்தபோது கேப்டன் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தம்பி எழுந்தான்.

"சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?" என்று சலூன்காரர் துண்டை உதறினார். முடித் துணுக்குகள் பறந்தன.

"என் பீன்ஸ்ல கொட்டாதீங்கப்பா," என்றாள் அம்மா.

தம்பி மைதானத்தில் இறங்கிய சற்று நேரத்தில் பெனால்டி கிடைத்தது. எதிராளி ஒருவன் பெனால்டி பெட்டிக்குள் நம் ஆளின் சட்டையைப் பிடித்து இழுத்தான். நடுவர் விசிலை ஊதிவிட்டார். அறையில் ஒரு கூச்சல். அப்பாவுக்கு அந்தக் கூச்சலில் இருமல் வந்தது. வழக்கமாகப் பெனால்டி அடிக்கிற கேப்டன் வெளியே ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருந்தான். பந்தை எடுத்தது தம்பி.

கண்ணாடிக்காரர் முக்காலியைவிட்டு எழுந்தார். "இடது மூலை," என்றார். "நான் சொன்ன மாதிரி அடி மாப்ளே. இடது மூலை."

மூத்தவளுக்கு அது புதிதாக இல்லை. அந்த வாரம் முழுக்க அதே பேச்சுதான். அன்று காலையிலும் அவித்த முட்டையை உரித்துக்கொண்டே மச்சினனைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எப்பவும் வலது மூலையிலதான் அடிப்பே. அந்தக் கீப்பருக்கு அது தெரியாதா? அவன் என்ன பூப்பறிக்கவா வர்றான்? இன்னைக்கு இடது பக்கம் தள்ளு."

"எனக்கு அந்தப் பக்கம் வராது மாமா. கால் திரும்பாது."

"திரும்பாதாம்ல! திருப்பு. ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற மாதிரி, லேசா."

"பெனால்டியே கேப்டன்தானே அடிப்பாரு."

"ஒருவேளை உனக்கு வந்துச்சுன்னா? எனக்காக மாப்ளே. உனக்குப் பந்து பிடிச்சுப் போட்டது யாரு? மழைன்னும் பாக்காம வெயில்னும் பாக்காம யாரு நின்னா?"

தம்பி முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினான். அவன் தலையாட்டியதை மூத்தவள் பார்த்தாள். மறுத்துப் பேசத் தெரியாத தலை அது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

இப்போது டிவியில் அவன் பந்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். இந்தப் பக்கம் அப்பாவின் இருமல் நிற்கவில்லை. இன்ஹேலரை இரண்டு முறை அழுத்தியும் நெஞ்சு விசில் அடித்தது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. மூத்தவள் கத்தரியைக் கீழே வைத்தாள். யோசிக்கவில்லை. கையை நீட்டிக் கொக்கியை எடுத்து ஜன்னலை ஒரு சாண் திறந்தாள்.

காற்று வந்தது. காற்றோடு அந்தச் சத்தமும் வந்தது.

கூச்சலாக இல்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம். ஒரு பெருமூச்சு, பலகைகள் முனகுவது, அதற்கப்புறம் எதுவுமே இல்லை. எங்கோ தூரத்து மூலையில், வந்திருந்த வெளியூர்க்காரர்களின் கொட்டு மட்டும் தொடங்கியது.

டிவியில் தம்பி இன்னும் அடிக்கவில்லை. பந்தைப் புள்ளியில் வைத்தான். பின்னோக்கி நடந்தான். இடுப்பில் கை வைத்தான்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவனுக்கு மட்டும் இன்னும் தெரியாது. நம்பிக்கையோடு ஓடி வந்தான். அம்மா, "வேணாம்டா," என்றாள், வாசலில் விளையாடுகிற பிள்ளையிடம் சொல்வதுபோல. அவன் காலைத் திருப்பினான். பந்து இடது கம்பத்துக்கு வெளியே போய் விளம்பரப் பலகையில் பட்டுத் திரும்பி வந்தது. கீப்பர் வலது பக்கம் விழுந்து கிடந்தான்.

சலூன்காரர் தோள் துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார்.

"எவ திறந்தது?" கண்ணாடிக்காரர் டிவியைவிட்டுத் திரும்பாமலே கேட்டார்.

"அப்பாவுக்கு மூச்சு முட்டுச்சு."

"நான் கேட்டது அது இல்ல. பெனால்டி நேரத்துல எவளாவது ஜன்னலைத் திறப்பாளா?"

"அங்க அடிச்சு முடிச்சப்புறம்தானேங்க இங்க சத்தம் வந்துச்சு? நான் திறந்ததுக்கும் அதுக்கும் என்ன?"

"எத்தனை ஆட்டம் சாத்தி வெச்சோம்? ஒரு தடவையாவது பெனால்டி வெளிய போயிருக்கா? சொல்லு. போயிருக்கா?"

"விடுங்க மாப்ளே," என்றார் அப்பா, மூச்சைப் பிடித்துக்கொண்டு. "நான்தான் இருமினேன். என்னைத் திட்டுங்க. பந்தை வெளிய அடிச்சவன் வேற எவனாவதா இருந்திருந்தா நானும் கத்தியிருப்பேன். அவனைப் பெத்துத் தொலைச்சதால வாயை மூடிட்டு உக்காந்திருக்கேன். பாதி இருமல் அதுலதான் வருது." அவர் அந்த மைதானத்தின் வாசலில் டிக்கெட் கிழித்தே தலை நரைத்தவர். தோற்றுவிட்டு வெளியே வருகிற கூட்டம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "அந்த ஷட்டரை முழுசா இறக்கிடு தம்பி," என்றார் சலூன்காரரிடம். "பின்கதவை மட்டும் திறந்து வை. பையன் அந்த வழியா வரட்டும்."

சலூன்காரர் இறங்கிப் போனார். டிவியில் கடைசி விசில் ஊதியது, டீம் தோற்றுவிட்டது. கண்ணாடிக்காரர் ஆணியில் மாட்டியிருந்த டீம் துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"இப்ப எங்க போறீங்க?"

"மூச்சு முட்டுது. உங்கப்பாவுக்கு மட்டும்தான் முட்டுமா?"

"கீப்பர் வலது பக்கம்தான் விழுந்தான், பாத்தீங்கல்ல?" என்றாள் அவள். ஆறுதலாகச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் நின்றார். "அதத்தானே சொல்றேன்! நான் சொன்ன மாதிரியேதானே விழுந்தான்? நான் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல," என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

மைதானத்தின் கதவுகள் திறந்தன. தெரு நிறைந்தது. அவள் திறந்த ஜன்னலை மறுபடி சாத்தி, கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஒருவன் குப்பைத் தொட்டியை உதைத்தான். வயிறு பெருத்த ஒருவன் நடைபாதையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் மகள் அவன் தலையைத் தடவிக்கொண்டே கைப்பேசியைப் பார்த்தாள். இரண்டு கிழவர்கள் கோச்சைத் தூக்குவதா, கிளப் முதலாளியைத் தூக்குவதா என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள். யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை. நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் வழக்கமான இடத்தில் வந்து நின்றது, ஜன்னலுக்குக் கீழே.

"ஒத்தக்கால்!" என்று ஒருவன் கத்தினான். பாட்டு வரவில்லை.

"இருக்கிற ஒரு காலும் நொண்டியாடா?"

"குடோன்ல பெட்டி தூக்கறவனைக் கொண்டாந்து பெனால்டி அடிக்க விட்டா?"

"பெட்டியாவது நேரா வைப்பானா கேளு!"

சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. கூட்டத்தில் கணவரைத் தேடினாள். விளக்குக் கம்பத்துக்கு அடியில் நின்றிருந்தார். அவரும் கத்திக்கொண்டிருந்தார். இரட்டைக் கண்ணாடி வழியாக அது கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அவள் கொக்கியைத் தள்ளி விரற்கடை அளவு திறந்தாள்.

"எப்பவும் வலதுல அடிக்கிறவனுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?" சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். "எவன்டா அவனை இடது பக்கம் அடிக்கச் சொன்னது? எந்த மேதாவி சொன்னது?"

"கோச்சுதான் சொல்லியிருப்பான்!"

"அவன் வீட்டுலயே கேப்போம். யோவ் கண்ணாடி, நீ மச்சான்தானே? உனக்குத் தெரியாதா?"

கண்ணாடிக்காரரைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது. அவர் சிரிக்கப் பார்த்தார்.

"எனக்கு என்னப்பா தெரியும்? அவன் நான் சொல்லிக் கேக்கற ஆளா?"

"மச்சானுக்கு வலிக்குது போல. இப்ப மட்டும் கத்தாம நிக்கிறாரு பாரு."

"யாருக்கு வலிக்குது? டீமுக்கு மேல எனக்கு எவன்டா மச்சான்?" என்றார். குனிந்தார். நடைபாதையைக் கொத்திப் போட்டிருந்த இடத்தில் கையளவு கல் ஒன்று கிடந்தது. எடுத்து எறிந்தார்.

அவள் பின்னால் நகர்ந்தது நல்லதாகப் போயிற்று. வெளிக் கண்ணாடி மொத்தமாகச் சரிந்தது. உள் கண்ணாடி துண்டு துண்டாக அறைக்குள் வந்தது. கல் மிஷின் மேல் பட்டு ரெக்ஸின் சுருளில் போய் நின்றது. வெளியே ஒரே அமைதி. அடுத்து ஓடுகிற காலடிச் சத்தம். கத்தியவர்களில் பாதிப் பேர் அந்த நொடியிலேயே கலைந்துவிட்டார்கள். மீதிப் பேர் எதிர் நடைபாதைக்குப் போய் நின்றார்கள்.

அம்மா கூடையை வெளிச்சத்தில் பிடித்து, பீன்ஸிலிருந்து கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

"கொட்டிடும்மா."

"மேலாப்புலதான் இருக்கு. அலசிட்டா போயிடும்."

"கொட்டுன்னு சொல்றேன்ல!"

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். கூடையோடு எழுந்து சமையலறைக்குப் போனாள். கொட்டினாளா, அலசினாளா என்று தெரியவில்லை. தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது.

கண்ணாடிக்காரர் மூச்சு வாங்க மேலே வந்தார். வந்ததும் யாரையும் பார்க்காமல் இழுப்பறையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஜன்னல் சட்டத்துக்குப் போனார். அகலத்தை அளந்தார். மறுபடி அளந்தார். அந்த ஜன்னலின் அளவு அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"காலிப் பசங்க," என்றார். "எவன்னே தெரியல. கூட்டத்துல."

அவள் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினாள். கண்ணாடி குவிய ஆரம்பித்தது. அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தம் நிறுத்தியிருந்த டிவியில் கண்ணை வைத்துக்கொண்டார். அதில் பெனால்டியை மறுபடி மறுபடி காட்டினார்கள்.

தம்பி சலூன் பின்கதவு வழியாக வந்தான். சலூன்காரரின் வெள்ளைப் போர்வையைத் தலையோடு போர்த்தியிருந்தான், பாதி முடி வெட்டிக்கொண்டு எழுந்து வந்தவன்போல. போர்வையை எடுத்து மடித்து நாற்காலி முதுகில் போட்டான். முழங்காலில் புல்கறை. அறையைப் பார்த்தான். ஜன்னல் சட்டத்தையும், டேப்போடு நின்ற மாமாவையும், துடைப்பத்தோடு நின்ற அக்காவையும் பார்த்தான்.

"யாரு?"

"கூட்டத்துல எவனோ மாப்ளே," என்றார் கண்ணாடிக்காரர். "விடு. காலையில மாட்டிடறேன்."

"நான் ஜன்னல்லதான் நின்னுட்டிருந்தேன்," என்றாள் மூத்தவள்.

அவ்வளவுதான் சொன்னாள். டேப் கிர்ரென்று உள்ளே சுருண்டுகொண்டது. கண்ணாடிக்காரர் அதைச் சட்டைப் பையில் போட்டார், வெளியே எடுத்தார்.

"சுவத்துலதான் படும்னு நெனச்சேன்," என்றார். "சத்தியமா சுவத்தைப் பாத்துத்தான் எறிஞ்சேன். என்னை எல்லாரும் ஒரு மாதிரி பாத்தானுங்க. கை தானா..."

தம்பி ஜன்னல் சட்டத்தை இன்னொரு முறை பார்த்தான். சிரித்தான்.

"பரவால்ல மாமா. இன்னைக்கு நம்ம வீட்டுல நீங்களாவது சட்டத்துக்குள்ள அடிச்சீங்களே."

அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து இருமலாக முடிந்தது. மூத்தவளுக்கும் வந்தது. அதனாலேயே அவளுக்குக் கோபம் இரட்டிப்பானது. சிரிக்க வைத்தே எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுவான் இவன். காலையில் தலையாட்டினானே, அதே தலைதான்.

வெளியே மறுபடி குரல்கள் சேர்ந்தன. எதிர் நடைபாதையில் நின்றவர்களுக்கு மாடி விளக்கில் அசையும் ஆளின் நிழல் தெரிந்துவிட்டது. இப்போது தடுக்கக் கண்ணாடி இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் அறைக்குள் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது.

"ஒத்தக்கால்! கீழ வா! வந்து பதில் சொல்லிட்டுப் போ!"

"எவன் பேச்சைக் கேட்டு அந்தப் பக்கம் அடிச்சே? சொல்லு!"

தம்பி ஒரு காலை மடித்து, அவிழ்ந்திருந்த கயிற்றைக் கட்டினான். "போயிட்டு வந்துடறேன்க்கா. ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயிடுவாங்க. தெரிஞ்ச முகங்கதான்."

"உக்காரு."

"அக்கா..."

"உக்காருடா. நீ அவங்க கேக்கற கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டே. எனக்குத் தெரியும். எனக்குத் தோணுச்சு, அடிச்சேன்னு சொல்லுவே." அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். கணவரின் பக்கம் திரும்பினாள். குரல் ஏறவில்லை. "நீங்க போங்க."

"நானா? நான் போய் என்னத்தச் சொல்ல?"

"கேக்கறாங்கள்ல, இடது பக்கம் அடிக்கச் சொன்னது யாருன்னு. போய்ச் சொல்லுங்க."

"ஏய், அவனுங்க இப்ப இருக்கற வெறியில..."

"உங்க ஆளுங்கதானேங்க. உங்களுக்கு மச்சானைவிடப் பெரியவங்க."

"வேணாம்க்கா," என்றான் தம்பி. "அடிச்சது நான்தானே? அவரு சொன்னாருன்னா என் கால் எங்க போச்சு?"

"உன் காலைப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம்."

கண்ணாடிக்காரர் மாமனாரைப் பார்த்தார். அப்பா இன்ஹேலரை உருட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் அடுத்துச் சமையலறைப் பக்கம் பார்த்தார். அம்மா வாசற்படியில் ஈரக் கையோடு நின்றிருந்தாள். "பாத்துப் போங்க மாப்ளே, கீழ வாசல்ல கண்ணாடி கெடக்கும்," என்று மட்டும் சொன்னாள். அவர் கழுத்துத் துண்டை உருவி முக்காலி மேல் வைத்தார். கதவைத் திறந்தார்.

"பூட்டிடாதே," என்றார் வாசலில் நின்று. "ரெண்டே நிமிஷம். சொல்லிட்டு வந்துடறேன்."

"சொல்லுங்க முதல்ல."

அவர் இரண்டு படி இறங்கியதும் அவள் கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பினாள். பழைய பூட்டு, மாடிப்படி முழுக்கக் கேட்கும். படியில் காலடி நின்றது. அவள் நெற்றியைக் கதவில் வைத்துக் காத்திருந்தாள். உடைந்த ஜன்னல் வழியாகத் தெரு கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் காலடி மறுபடி தொடங்கியது, கீழ்நோக்கி. அவள் சாவியை இன்னொரு சுற்றுத் திருப்பினாள்.